ஆறடி உயரத்தில் வைத்த தாழ்ப்பாள்

இதை எழுத மூன்று வருடம் தயங்கினேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் கோயிலில் நின்று, "முருகா, அடுத்த கிருத்திகைக்குள் எழுதிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். வந்ததும் பட்டறையில் ஏதாவது வேலை இருக்கும். இல்லாவிட்டாலும் இருப்பது மாதிரி ஆக்கிக்கொள்வேன். எழுதினால் அந்தக் குடும்பத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். தன் தொழிலைத் தானே கெடுத்துக்கொள்கிறான் பார் என்று நாலு பேர் சிரிப்பார்களோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். புதுச்சேரி முதலியார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னல் கிரில், பால்கனி கிரில், மாடிப்படி கைப்பிடி, கேட் எல்லாம் செய்வேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கும், வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

1. நாற்காலி மேல் எடுத்த அளவு

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். குமரவேல் நனைந்த லுங்கியோடு பட்டறைக்குள் ஓடி வந்தான். எங்கள் பக்கத்துத் தெருவில் மாடியில் வாடகைக்கு இருப்பவன். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் ஷிப்ட் வேலை.

"மேஸ்திரி, மாடிப்படி மேல ஒரு கேட்டு போடணும். இன்னைக்கே வேணும்."

என்னோடு பெயிண்ட் வேலை பார்க்கும் தனசேகர் சும்மா இருக்க மாட்டான். "இன்னைக்கேவா? கேட்டு என்னா இட்லியாய்யா, ஊத்தி எடுக்க?" என்றான்.

குமரவேல் சிரிக்கவில்லை. அப்படியே இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் பையன் கிஷோருக்கு அப்போது நாலு வயது. அம்மா சுமதி சோறு வடிக்கும் நேரத்தில் பையன் படி இறங்கிப் போய்விட்டான். தெருக்கோடியில் பெரிய வாய்க்கால் இருக்கிறது. மழையில் கரை தெரியாமல் ஓடும். அதன் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலின் செருப்பைக் கப்பலாக விட்டுவிட்டு, அடுத்த காலின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தானாம். மீன்காரம்மா ஒருத்தி பார்த்துத் தூக்கி வந்திருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு நிமிசம் மேஸ்திரி. ரெண்டே நிமிசம்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அளவு எடுக்கப் போனேன். சாதாரணமாக கிரில் கேட்டில் தாழ்ப்பாளை மூன்றரை அடியில் வைப்போம். நின்றபடி கை போகும் இடம் அதுதான். சுமதி சொன்னாள்: "அந்த ஒசரம் வேணாம் மேஸ்திரி. இவன் சேரை இழுத்துப் போட்டு ஏறிடுவான். கொரங்கு."

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலேயே உயரமான நாற்காலியை எடுத்து வரச் சொல்லி, பையனை அதன் மேல் நிற்க வைத்தேன். "கையைத் தூக்குடா ராஜா, எவ்ளோ ஒசரம்னு பார்க்கலாம்" என்றேன். அவனுக்கு அது விளையாட்டு. கையைத் தூக்கினான். "இன்னும், இன்னும்" என்றேன். குதிகாலைத் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எட்டினான். விரல் நுனி தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதற்கு மேல் ஒரு சாண். ஆறடி வந்தது.

"நான் எவ்ளோ பெரிய ஆளு பார்த்தியா தாத்தா!" என்று கை தட்டினான்.

பத்து எம்எம் ஸ்கொயர் ராடில் ஏழடி கேட். மூன்று கீல். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், ஆறடியில். கம்பி இடைவெளியில் பெரியவர்கள் கையை விட்டு உள்ளிருந்தும் தள்ளலாம். மறுநாள் சாயங்காலம் மாட்டினேன். சுமதி குதிகாலைத் தூக்கித் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கே எட்டல மேஸ்திரி, நானும் உள்ளயே கெடக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள். எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றி, தாழ்ப்பாளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நானும் கண்ணை மூடி, "பிள்ளை வெளியே போகாமல் பார்த்துக்கொள் முருகா" என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன். அந்த வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

2. பாப்பா தாழ்ப்பாள்

குமரவேலுக்குக் கீழ் வீட்டு அம்மா அந்தக் கேட்டைப் பார்த்தார். அவர் தங்கை வீட்டுக்குக் கேட்டார். அந்தத் தெருவில் இரண்டு வீடு, அடுத்த தெருவில் மூன்று. "பாப்பா தாழ்ப்பாள் போடுற மேஸ்திரி யாரு?" என்று வில்லியனூரில் இருந்துகூட ஆள் வந்தது. பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லா வீட்டிலும் ஒரே முறைதான். இருப்பதிலேயே உயரமான நாற்காலி, அதன் மேல் குழந்தை, தூக்கிய கை, சாக்பீஸ் கோடு, மேலே ஒரு சாண். அளவு கொடுக்கும்போது அழுத குழந்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிரித்துக்கொண்டே எட்டின.

ஒரு வீட்டில் அப்பாக்காரர் கேட்டார்: "மேஸ்திரி, அடுத்த வருசம் வளர்ந்துட்டான்னா?"

"அடுத்த வருசம் சொல்லுங்க சார், வந்து ஏத்தி வெச்சிடுறேன்" என்றேன். ஏதோ பைக் சர்வீஸ் மாதிரி சொன்னேன்.

என் மனைவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "யோவ், உசுரோட இருக்கிற புள்ளைய நிக்க வெச்சு அளவு எடுக்கிற. எனக்கு இது சரியாப் படலய்யா" என்றாள்.

"டெய்லர் எடுக்கலையா?" என்றேன்.

"டெய்லரு போட்டுக்கிட்டு வெளிய போறதுக்கு எடுக்கிறான்" என்றாள்.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பொம்பளை ஏதோ சொல்கிறாள் என்று போய்விட்டேன்.

3. தேர்டு அம்பையர்

எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது. ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை சுரண்டி, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்காக குமரவேல் வீட்டுக்குத் திரும்பப் போனேன். கிஷோருக்கு ஆறு வயது.

அதற்குள் சுமதி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ரெடிமேட் கடை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவளே சொன்னாள்: "அந்தத் தாழ்ப்பா இருக்கிற தைரியத்துலதான் மேஸ்திரி போறேன். ஸ்கூல் வேன்ல வந்து எறங்குவான். கீழ் வூட்டம்மா உள்ள விட்டுத் தாழ்ப்பா போட்டுருவாங்க. பிஸ்கட்டு, பாலு, போனு எல்லாம் வெச்சிட்டுப் போயிடுவேன். ஏழு மணிக்கு வந்துருவேன்."

வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். லீவில் வரும்போது முள்ளை வெட்டுவதோடு சரி. தெருப் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் அதில்தான் கிரிக்கெட் ஆடும். நான் கேட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கிஷோர் மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினான்:

"அவுட்டு! அவுட்டுடா! கோட்டைத் தாண்டல, நான் பார்த்தேன்!"

கீழே ஒருத்தன், "டேய், அவன் எங்க டீமுக்கு எப்பவும் அவுட்டுதான் குடுக்கிறான்டா, மேலருந்து வாங்கிக்கிறான் லஞ்சம்!" என்றான்.

இன்னொருத்தன் பெரிய பையன். "தேர்டு அம்பையர் சொன்னா சொன்னதுதான். போடா வெளிய" என்றான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாடியில் இருந்தபடியே இவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள் பிள்ளைகள். சண்டை வந்தால் எல்லாத் தலையும் மேலே திரும்பும். இவன் ஒரு விரலைக் கம்பி வழியே நீட்டுவான்.

"டேய் கிஷோரு, எறங்கி வாடா, ஒரு ஆளு கம்மியா இருக்கு" என்று கூப்பிட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். பெயிண்ட் அடிப்பதற்காக கேட்டை நான்தான் திறந்து வைத்திருந்தேன். படி அவனுக்கு முன்னால் இருந்தது. அப்படியும் அவன் ஓடவில்லை. என்னைத்தான் கேட்டான்.

"தாத்தா, ஒரே ஓவர். ஆறு பாலு. ஆடிட்டு வந்துடுறேன்."

மணி ஐந்தரை. சுமதி வர நேரம் இருந்தது. நான் கூடப் போயிருக்கலாம். தனசேகரை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வாய்க்கால்தான் கண் முன்னால் வந்தது. நான் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழும் என்பதும் வந்தது.

"அம்மா திட்டுவாங்க. உள்ள போ ராஜா" என்றேன்.

அவன் அடம் பிடிக்கவில்லை. கீழே பார்த்து, "அடுத்த வாரம் வரேன்டா" என்று கத்திவிட்டு உள்ளே போனான். வேலை முடிந்ததும் நான்தான் கேட்டைச் சாத்தி, கையைத் தூக்கித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கீலுக்கு எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

நாலு வயதுப் பையனைத் தனியாக வாய்க்கால் கரைக்கு விடுவது ஒன்று. ஆறு வயதுப் பையனைப் பெரியவர் ஒருத்தர் கண் முன்னால் ஒரு ஓவர் ஆட விடுவது வேறு. இரண்டுக்கும் ஒரே தாழ்ப்பாளைப் போட்டேன்.

4. கூப்பிட்டவர்கள்

அடுத்த பெயிண்ட். எட்டு வயது. கிஷோர் உடம்பு ஊதியிருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். கூடத்தில் சுவரோடு சாய்ந்து போனில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். "கிஷோரு, நல்லா இருக்கியா?" என்றதற்கு "ம்" என்றான்.

கீழே ஆட்டம் நடந்தது. நடுவில் சண்டை. ஒரு சின்னப் பையன், "மேல ஒரு அண்ணன் இருக்குமே, அதைக் கேளுடா" என்றான்.

"தேர்டு அம்பையர்! டேய், தேர்டு அம்பையர்!" என்று ரெண்டு தடவை கத்தினார்கள்.

நான் உள்ளே எட்டிப் பார்த்து, "உன்னைத்தான்டா கூப்பிடுறாங்க" என்றேன்.

"கேம் போயிட்டிருக்கு தாத்தா" என்றான், தலை நிமிராமல்.

கீழே அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு யாரும் மேலே பார்க்கவில்லை. நான் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு வந்துவிட்டேன். தனசேகர் வழியில், "அந்தப் பையன் முன்னெல்லாம் எப்பிடிக் கத்துவான் மேஸ்திரி" என்றான்.

5. கிரைண்டர்

பையனுக்குப் பத்து வயது இருக்கும். குமரவேல் மறுபடி பட்டறைக்கு வந்தான். இந்தத் தடவை ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, நின்று, நான் வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தான்.

"மேஸ்திரி, அந்தத் தாழ்ப்பாளை எடுத்துடணும்."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு பிராக்டீஸுக்கு வரிசையாக நடக்கச் சொன்னார்களாம். இவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். வேறொரு நாள் வேனில் இருந்து இறங்கும்போது விழுந்தான். ஒரு படி உயரம்தான். கை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்து, ரத்தம் பார்த்து, குமரவேலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "புள்ளைய வெயில்லயே விட மாட்டீங்களா? ஓடுறது, குதிக்கிறது ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல மேடம், பத்திரமாத்தான் வெச்சிருக்கோம்னு சொன்னேன் மேஸ்திரி" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "மாத்திரை குடுத்திருக்காங்க. ஆனா வெளிய விட்டு ஆட விடணும், அதுக்கு மாத்திரை இல்லன்னாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். கைக்கட்டு பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுமதியும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டினேன். அறுக்கும் முன்பு தாழ்ப்பாளைப் பார்த்தேன். பிறகு பையனைப் பார்த்தேன். நாலு வருடமாக அவன் நாற்காலி போட்டு ஏறினால் தாராளமாகக் கை எட்டும். கம்பி இடைவெளியில் கையை விட்டுத் தள்ளினால் போதும். பூட்டுகூடக் கிடையாது. அவன் வளர்ந்தால் ஏற்றி வைக்க வேண்டும் என்று யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை என்பதும் அப்போதுதான் புத்தியில் பட்டது. கூப்பிட அவசியம் வரவில்லை.

"கிஷோரு, இது உனக்கு எட்டுமேடா. ஏன் ஒரு நாளும் தொறக்கல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கிண்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"எதுக்குத் தாத்தா?"

சுமதி உள்ளே போய்விட்டாள். நான் மெஷினை ஓட்டினேன். பொறி பறந்தது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தாழ்ப்பாள் கீழே விழுந்து, படியில் உருண்டு, தெரு வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டு போனது.

"போடா கண்ணு, போய் ஆடு. அப்பா இங்கதான் நிக்கிறேன்" என்றான் குமரவேல்.

கிஷோர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். மனையில் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவனை "எறங்கி வாடா" என்று கூப்பிட்ட பிள்ளைகள் அதில் ஒருத்தரும் இல்லை. சிலர் வீடு மாறிப் போனார்கள், பெரியவர்கள் டியூஷனுக்குப் போனார்கள். எல்லாம் புதுப் பிள்ளைகள். இவன் ஓரமாகப் போய் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான்.

"ஆடுறியாண்ணா? பீல்டிங் நில்லு" என்று ஒரு குட்டிப் பையன் நல்லபடியாகத்தான் கேட்டான்.

இவன் நின்றான். ஒரு பந்து இவன் பக்கம் உருண்டு வந்தது. வேகம்கூட இல்லை. இவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டான். பந்து காலைத் தாண்டிப் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். "ஐயே, பாம் வருதுடா பாம்!" என்றான் ஒருத்தன். பிள்ளைகள் அப்படித்தான். அடுத்த நிமிடம் மறந்துவிட்டு, "பந்தை எடுத்துப் போடுண்ணா" என்று கத்தினார்கள்.

இவனுக்கு அந்த அடுத்த நிமிடம் தெரியாது. விழுந்து, மற்றவர்கள் சிரிக்க, எழுந்து மறுபடி ஆடிய பழக்கம் இருந்தால்தானே. நேராக நடந்து வந்தான், படி ஏறினான், எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். கேட்டை இழுத்துச் சாத்தினான். அது நிற்காமல் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினான், மறுபடி திறந்தது. உள்ளே போய் ஸ்கூல் ஐடி கார்டை எடுத்து வந்தான். அட்டையைக் கழற்றிவிட்டு, அந்த நாடாவால் கேட்டையும் சுவர்ப்பக்கக் கம்பியையும் சேர்த்துக் கட்டினான். தன் இடுப்பு உயரத்தில், இரண்டு முடிச்சு. வெளியே படியில் நானும் அவன் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம்.

குமரவேல் என்னிடம் கேட்டான்: "இதை எதை வெச்சு மேஸ்திரி அறுக்கிறது?"

6. இப்போது

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். சாமி என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தான். பிள்ளை வெளியே போகாமல் பார்த்துக்கொள் என்று கேட்டது நான். பத்திரமாகப் போய், நன்றாக ஆடி, முட்டியில் கொஞ்சம் சிராய்ப்போடு வீடு திரும்ப வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மறுநாளில் இருந்து பாப்பா தாழ்ப்பாள் போடுவதில்லை. யாராவது வந்து கேட்டால், மூன்றரை அடிக்கு மேல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். வாய்க்கால் இருக்கிறதே, வண்டி போகிறதே என்பார்கள். இருக்கிறது, போகிறது. சின்னதுக்குக் கேட் வேண்டும்தான். கேட் போட்ட பிறகு, சாயங்காலம் ஒரு மணி நேரம் அதைத் திறந்து கூட்டிப் போகப் போவது யார் என்று கேட்கிறேன். அம்மாவா, அப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா? ஆளைச் சொல்லுங்கள், அப்புறம் இரும்பு வாங்குகிறேன் என்பேன். சில பேர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

"அப்ப நீயே போய் நில்லுய்யா" என்றாள் என் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். அதனால் நாலரை மணிக்குப் பட்டறையைச் சாத்திவிட்டு, அந்தக் காலி மனை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறேன். வாய்க்கால் பக்கம் முதுகு காட்ட மாட்டேன். வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர் பிள்ளைகளை என் கண் பார்வையில் விட்டுப் போகிறார்கள். சில நாள் ஐந்து பேர் வருவார்கள். டியூஷன் நாளில் இரண்டு பேர். மழை நாளில் நானும் நாற்காலியும்தான். போன வருடம் பழைய தாழ்ப்பாள்கள் நாலைந்தை இறக்கி வைத்துக் கொடுத்தேன். மற்ற வீடுகளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, அளவு எடுக்கும்போது இரும்பை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் நிற்பது யார், எத்தனை நாள் நிற்கும் என்றும் பாருங்கள். பெற்றவர்களே, பிள்ளை "ஒரே ஓவர்" என்று கேட்கும்போதே விட்டுவிடுங்கள். கேட்கிற காலம் கொஞ்சம்தான்.

கிஷோருக்கு இப்போது பதிமூன்று வயது. கேட்டில் தாழ்ப்பாள் இல்லை, நாடாவும் இல்லை. நான் உட்காரும் இடத்தில் இருந்து பார்த்தால் திறந்தே கிடப்பது தெரியும். சில நாள் அவன் படியில் வந்து உட்காருவான். நான் கையைக் காட்டுவேன். அவனும் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவான்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வரிகூட மாற்றாதீர்கள். என்னை நல்லவனாக ஆக்க வேண்டாம், அந்தத் தாயைக் கெட்டவளாக ஆக்கவும் வேண்டாம். முக்கியமாக, கடைசியில் அந்தப் பையன் இறங்கி ஓடி வந்து ஆடினான் என்று யாரும் சேர்த்துவிடாதீர்கள். அவன் இன்னும் வரவில்லை.